நிமிர்த்தி வைத்த ராட்டினம்

எனக்குப் பயம் தராத வாகனம் என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்டியில் இருந்த யானை ராட்டினம். மற்றபடி ரயில், கப்பல், பஸ், ரிக்‌ஷா எல்லாமே ஆளைக் கவிழ்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பது என் கட்சி. பாளையங்கோட்டையில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறேன். மாட்டு வண்டியில் ஏறினால்கூட மாடு என்ன யோசிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். "ஏட்டி ரோசா, நீ பயப்படுறதை வெளிய காட்டாத, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக உன்னை மதிக்காது" என்று அம்மா கேலி செய்வாள்.

இப்படிப்பட்ட நான் தனியாகக் கடல் தாண்டி, மலை ஏறி, கண்டிக்குப் போனேன். என் தம்பி அந்தோணிக்காகப் போனேன்.

நாங்கள் கண்டியில் வளர்ந்தவர்கள். அப்பா அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அவர் இறந்ததும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டாள். அப்போது அந்தோணி சின்னப் பையன். மீசை அரும்பியதும், மோட்டார் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி அவன் மறுபடியும் கண்டிக்கே போய்விட்டான். நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, இலங்கைக்கு வியாபாரமாகப் போய்வரும் எங்கள் தெருக்காரர் ஒருவர் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க மகன் பெரிய ஆளாயிட்டான்லா! மரணக் கெணத்துக்குள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டுதான். ஊரே டிக்கெட் எடுத்துப் பாக்கு."

அம்மா மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் பார்த்திருக்கிறாள். கிணற்றைத் தினமும் பார்க்கிறாள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அவளால் நினைக்க முடியவில்லை. "அதுல தண்ணி இருக்கா, வத்தின கெணறா?" என்று அவரிடம் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டாலே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் என் துணிகளை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"போயி அவனைக் கூட்டிட்டு வா. சின்னதுல நீ மெதுவான்னு ஒரு வார்த்தை சொன்னா அப்படியே நின்னுருவான். இப்பவும் நீ சொன்னா கேப்பான்" என்றாள்.

கடலைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அதைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்டிக்கு ஏறும் ரயிலிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே, மடியில் மண்சட்டியோடு ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். சட்டியின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்.

"ஏன் மகள் கண்ண மூடிக்கிட்டு ஈக்கிறீங்க? காச்சலா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, பயம்."

"கண்ண மூடினா பயம் உள்ளுக்குத்தானே ஈக்கும்? தொறங்க, வெளிய போயிரும்."

திறந்தேன். அப்போது ரயில் கடுகண்ணாவைக்குக் கீழே, மலையின் விளிம்பில் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, கையை நீட்டினால் தொடலாம். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மேகம்தான் இருந்தது. மேகத்தில் ஒரு கிழிசல், அந்தக் கிழிசலுக்குள் எங்கோ பாதாளத்தில் வயல்கள். பயம் வெளியே போகவில்லை, அதற்குத் துணையாக இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்து ரயில் நின்றது. முன்னும் பின்னும் இரண்டு எஞ்சின்கள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் நான் "யேசுவே" என்று கத்தியதில் அடுத்த பெட்டியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அந்த அம்மா சட்டியை அவிழ்த்து எனக்கு வட்டலப்பம் கொடுத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு. சின்ன வயதில் பெருநாளுக்கு எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து வரும். முதல் வாயிலேயே ஏலக்காய் மணத்தோடு பழைய கண்டி முழுவதும் வந்துவிட்டது. வாய் நிறைய இனிப்போடு, நான் எங்கே போகிறேன் என்பதை அவரிடம் சொன்னேன்.

"ராட்டினத் தோட்டமா? எங்கட புள்ளைகளயும் முந்தி அங்கதான் கூட்டிட்டுப் போவோம்" என்றார். "இப்ப போறதில்ல மகள். காசையும் வாங்கிக்கிட்டுப் பயமுறுத்துறானுகள்."

ரயில் மறுபடி கிளம்பியது. எனக்கு வட்டலப்பம் இறங்கவில்லை.

முன்கூட்டியே கடிதம் போட்டிருந்ததால் ஸ்டேஷனில் அந்தோணி நின்றான். என்னைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்திருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான், முழங்கையில் பழைய காயத்தின் மேல் புதிய காயம். "அக்கா, நீ ஒத்தையிலயா வந்தே? ரயில்லயா? கிணத்துல உன்னையத்தான் டிக்கெட் போட்டுக் காட்டணும்!" என்று என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன்மேல் பெட்ரோல் வாசனை அடித்தது. முன்பு அவனைத் தூக்கினால் பால் வாசனை அடிக்கும்.

கட்டுக்கலைப் பக்கம் லூர்தம்மா அக்கா என்பவர் வீட்டில் ஓர் அறையில் அவன் குடியிருந்தான். லூர்தம்மா அக்கா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து டவுனுக்குக் கட்டிக்கொண்டு வந்தவர். "வாங்க டீச்சர், கதிரையில உக்காருங்க. தம்பி உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்கும்" என்று பாணும் தேங்காய்ச் சம்பலும் பருப்பும் வைத்தார். எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குத்தான் ரொட்டி வாங்குவார்கள். இங்கே நல்ல உடம்புக்காரர்களே காலையும் மாலையும் பாண் தின்கிறார்கள். சம்பலில் மாசிக் கருவாடு மணத்தது, காரம் காதுவரை ஏறியது. நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தோணி முகம் கழுவப் போனபோது அவரிடம் மெதுவாகக் கேட்டேன், நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று.

"நானா? ஐயோ, ஒரு தடவைகூடப் போனதில்லைங்க. நான் சோறாக்கி வச்சிருவேன். அது திரும்பி வந்தா சாப்பிடுது. சட்டியில சோறு குறைஞ்சிருந்தா மாதாவுக்குத் தோத்திரம்னு சொல்லிட்டுப் படுத்துருவேன். அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

சாப்பாட்டின்போது நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். அந்தோணி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியட்டும் அக்கா, பேசுவோம்" என்றான். நான் பேச்சை மாற்ற, யானை ராட்டினம் எப்படி இருக்கிறது, இன்னும் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"அது எங்கயும் போகலை. நிமிர்த்தி வச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றான்.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வழக்கம்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போன பிறகு, நான் ராட்டினத் தோட்டத்தைப் பார்க்கப் புறப்பட்டேன். அது குண்டசாலைக்குப் போகும் ரோட்டில், ஆற்றங்கரை மேட்டில் இருந்தது. முன்பு அப்பா எங்களை மாட்டு வண்டியில் கூட்டிப்போவார். இப்போது அந்த ரோட்டில் பஸ்கள் ஓடுகின்றன. ஓடுகின்றன என்பது சரியான வார்த்தை. இரண்டு முதலாளிகளின் பஸ்கள், ஒன்றின் ஆட்களை ஒன்று பிடிப்பதற்காகத் தெல்தெனியாவரை பந்தயம் போடுகின்றன. நான் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. எங்கள் டிரைவர் வழிவிடவில்லை. வளைவில் பஸ் ஆற்றுப் பக்கம் சாய்ந்தபோது, பலாப்பழக் கூடை ஒன்று என் காலடிக்கு உருண்டு வந்தது. கீழே மகாவலி மண் நிறத்தில் பெருகி ஓடியது. எங்கள் தாமிரபரணி கோடையில் பாவம்போல் படுத்திருக்கும், அதைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது.

மறந்துபோயிருந்த சிங்களத்திலிருந்து எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. "ஹெமின்! ஹெமின்!" என்று கத்தினேன். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, மெதுவாகப் போக வேண்டுமென்றால் அம்மணி நடந்தல்லவா வரவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னான். நியாயம்தான். திரும்பும்போது நடந்தே வந்துவிட்டேன்.

பழைய தோட்டத்தைச் சொல்லாவிட்டால் நான் அன்று பட்ட துக்கம் யாருக்கும் புரியாது.

வாசலில் ஒரு சாதிக்காய் மரம். உள்ளே போனதும் சர்பத் கடை. ஒரு சின்னக் குளம், அதில் அன்னம்போல் செய்த படகுகள், அவற்றைக் கயிறு கட்டித்தான் இழுப்பார்கள், யாரும் மூழ்க முடியாது. நடுவில் யானை ராட்டினம். மற்ற ஊர்களில் குதிரை வைப்பார்கள். கண்டி ஆட்களுக்கு யானைதான் வேண்டும். பெரஹெரா ஊர்வலத்து யானைபோல முகபடாம் எழுதிய மர யானைகள், வட்டமான பலகைத் தரையின் மேல் நிற்கும். தரை முழுவதும் சிவப்புத் தாமரைகள் வரைந்திருந்தார்கள். ஒன்று மட்டும் நீலத் தாமரை. சிவப்புச் சாயம் தீர்ந்துபோயிற்றோ, சாயம் பூசினவன் வேறு யோசனையில் இருந்தானோ தெரியாது. நான் அந்த நீலத் தாமரையில் கால் வைத்துத்தான் ஏறுவேன். வேறு எங்கே ஏறினாலும் விழுந்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ராட்டினத்தைச் சுழற்றியது எஞ்சின் அல்ல, ஐயாத்துரை அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். நடுத்தூணோடு சேர்ந்த கட்டையைத் தள்ளிக்கொண்டு அவர் உள்வட்டத்தில் நடக்க, நாங்கள் வெளிவட்டத்தில் யானைமேல் போவோம். அவர் நடக்கும் வேகம்தான் எங்கள் வேகம். முடிந்ததும், "ஆறுதலா, ஆறுதலா இறங்குங்கோ" என்பார். யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தம். எங்களுக்கோ ஆறுதல் என்றால் அழுகிற ஆளுக்குச் சொல்வது. ஏன் இவர் யாருமே அழாதபோது எல்லோருக்கும் ஆறுதல் சொல்கிறார் என்று நானும் அந்தோணியும் ரொம்ப நாள் யோசித்தோம். அர்த்தம் தெரிந்த பிறகும் அந்த வார்த்தையை விடவில்லை. அந்தோணி யானைமேல் எழுந்து நின்றால், "ஆறுதலா!" என்று கத்துவேன். உட்கார்ந்துவிடுவான்.

இப்போது வாசலில் சாதிக்காய் மரம் இல்லை. அந்த இடத்தில் வாயில் ரத்தம் ஒழுக ஒரு பேய்த்தலை, அதன் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். குளத்தை மண் போட்டு மூடி அதன்மேல் கூடாரம் அடித்து, தலையில்லாப் பெண் என்று எழுதியிருந்தார்கள். சர்பத் கடைக்காரர் நின்ற இடத்தில் ஒருவன் பாம்புகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான். நான் தேடியது நடுமேட்டை. அங்கே பெரிய மரப்பீப்பாய்போல ஒன்று, பனைமர உயரத்துக்குப் பாதி இருக்கும், கூரையும் கொடியுமாக நின்றது. அதுதான் மரணக் கிணறு. தரைக்குள் தோண்டியது அல்ல, தரைக்குமேல் கட்டியது. தண்ணீர் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். யானைகள் எங்கேயும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைச்சேற்றில் கால் வைக்கப் போனேன்.

"ஆறுதலா வாங்கோ பிள்ளை, சறுக்கும்."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முடி நரைத்துப் போயிருந்தது. நான் யாரென்று சொன்னதும் ஐயாத்துரை அண்ணை என் தலையைத் தொட்டுப் பார்த்தார், நான் இன்னும் அந்த உயரத்தில்தான் இருக்கிறேன் என்பதுபோல.

"எங்கே அண்ணை எல்லாம்?" என்றேன்.

"பழைய முதலாளி செத்துப்போனார். மருமோன் வந்தார். யானையளை வித்துப்போட்டார். ரெண்டு தெல்தெனியாவில ஒரு வீட்டு வாசல்ல நிக்குது. மிச்சம் விறகு." கையை விரித்துக் காட்டினார். "முந்திச் சனம் சிரிக்க வந்தது பிள்ளை. இப்ப பயப்பட வருது. சிரிக்கக் காசு குடுக்க ஆக்கள் இல்லை."

"நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்?"

"கிணத்து மேல நிண்டு மணி அடிக்கிறன். தொடங்க ஒரு மணி, முடிக்க ஒரு மணி." கயிறு இழுப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். "உங்கட தம்பியை நான்தானே யானையில ஏத்தி இறக்கினனான். இப்பவும் நான்தான் மணி அடிச்சு ஏத்துறன். கயிறு பிடிச்ச கை ஈரமாப் போயிடும். ஓம், எனக்கும் பயம்தான்."

எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்து வந்தேன். ரயில் அம்மாவுக்குப் பயம், லூர்தம்மா அக்காவுக்குப் பயம், மணி அடிப்பவருக்கும் பயம். இத்தனை பேர் பயப்படுகிற ஒன்றை என் தம்பி எதற்காகச் செய்ய வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பூசைக்குப் போனோம். கோயிலில் அந்தோணி நெடுநேரம் முழங்காலில் இருந்தான். திரும்பி வந்து லூர்தம்மா அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தபோது, அவன் வெறும் தேநீர் மட்டும் குடித்தான். ஓட்டுகிற நாளில் ஆட்டம் முடியும்வரை சாப்பிட மாட்டானாம்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. தோட்டத்துக்கு வா. ஆனா கிணத்துமேல ஏறாதே. எங்க ஆட்கள்ல அது ஒரு கட்டு. சொந்தக்காரங்க யாரும் விளிம்புல நிக்கக் கூடாது. நின்னா கண்ணு தேடும். கண்ணு மேல போனா சக்கரம் கீழ வரும்."

சரி என்றேன். ஏறுவதற்கு எனக்கென்ன பைத்தியமா?

கிணற்றடியில் ஒரு தேநீர்க் கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தேன். சனம் படியேறி மேலே போயிற்று. தேயிலைத் தோட்டத்து ஆட்கள், பஞ்சாயத்துக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டை போட்ட கடைக்காரர்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். ஒரு பெண் தன் புருஷனிடம், விழுந்தால் நமக்குத் தெரிகிற பக்கமாக நிற்போம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அவ்வளவு சிங்களம் நினைவில் இருந்திருக்க வேண்டாம்.

மேலே மணி அடித்தது. எஞ்சின் உறுமியது. முதலில் கீழே உறுமியது. பிறகு சத்தம் பலகைக்குள் ஏறிச் சுற்றத் தொடங்கியது. என் பெஞ்ச் நடுங்கியது. கையில் இருந்த தேநீர் வட்டம் வட்டமாக அலைந்தது. சத்தம் என் முதுகுப் பக்கம் வந்து, போய், வந்து, போய்... ஒவ்வொரு தடவை அது தூரப் போகும்போதும், திரும்பி வராதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பார்க்காமல் கேட்பது பார்ப்பதைவிடக் கொடுமை. என்னால் தாங்க முடியவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு படியேறினேன். யாருடைய கால்களோ ஏறுவதுபோல் இருந்தது.

மேலே மணிக்கயிற்றோடு ஐயாத்துரை அண்ணை நின்றார். அவருக்குப் பின்னால் மறைந்து நின்று எட்டிப் பார்த்தேன்.

அந்தோணி சுவரில் படுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அப்படித்தான் சொல்ல வேண்டும். தரை அவனுக்குப் பக்கவாட்டில் இருந்தது. அவனுடைய தலை கிணற்றின் நடுவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் ஓடிய பலகைகளில் ஏதோ சிவப்பாக மின்னியது. கண் பழகியதும் தெரிந்தது. தாமரை. பழைய ராட்டினத்தின் தரையைப் பிரித்து, பலகைகளை நிற்கவைத்து, சுற்றிலும் அறைந்திருந்தார்கள். பாதி அழிந்த சிவப்புத் தாமரைகளின் மேல் என் தம்பி சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை நீலத் தாமரைமேல் சக்கரம் ஏறிப் போனது. அவன் கேலி செய்யவில்லை. நிமிர்த்தித்தான் வைத்திருந்தார்கள்.

நான் குழந்தையாக இருந்தபோதே அந்தப் பலகைகள் பழையவை.

அப்போது எஞ்சின் இருமியது.

காலையிலிருந்து தூறிய மழையின் ஈரம் எதிலோ இறங்கியிருக்க வேண்டும். ஒரு இருமல், இன்னொரு இருமல். சத்தம் குறைந்தது. சனம் கைதட்டியது, அதுவும் வித்தை என்று நினைத்து. வண்டி விளிம்பிலிருந்து நழுவி இறங்கியது. முன்சக்கரம் ஆடியது. சின்ன வயதில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். முக்காடு விழுந்துபோக, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"ஆறுதலா! அந்தோணி, ஆறுதலா!"

ஐயாத்துரை அண்ணை என் கையை முறுக்கிப் பிடித்தார். "ஐயோ பிள்ளை, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ! இங்க ஆறுதலா எண்டால் விழுகிறதுதான்! கெதியா எண்டு கத்துங்கோ. கெதியா!"

வேகமாக என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. என் வாய்க்கு அது வரவில்லை. என் வாழ்க்கையில் நான் எந்த வண்டிக்காரனிடமும், எந்தப் பள்ளிப் பிள்ளையிடமும் வேகமாகப் போ என்று சொன்னதில்லை. கீழே வண்டி இன்னும் ஒரு பலகை இறங்கியது.

"கெதியா!" என்றேன். "கெதியாப் போ! இன்னும் கெதியா! அந்தோணி, கெதியா!"

அவன் தலையைத் தூக்கினான். செய்யக்கூடாது என்று அவனே சொன்னதைச் செய்தான், என்னைப் பார்த்தான். பிறகு கைப்பிடியைத் திருகினான். எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்துப் பிடித்துக்கொண்டது. நீலத் தாமரைமேல் ஏறினான், மறுபடி ஏறினான், இன்னும் மேலே வந்தான். நான் கத்திக்கொண்டே இருந்தேன். முடிக்கிற மணி அடித்து, அவன் சுற்றிச் சுற்றித் தரைக்கு இறங்கி, வண்டி நின்ற பிறகும் கெதியா, கெதியா என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். ஐயாத்துரை அண்ணை சொன்னார்.

கிணற்றுக்குப் பின்பக்கம் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதன் வழியாக அந்தோணி வந்தான். முகம் முழுக்கக் கரி. சிரித்தான். "அக்கா, நீயா? வேகமாப் போன்னு நீயா சொன்னே?" சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தான். என் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தேன்.

"எஞ்சின் இருமின நேரத்துல ஒரே யோசனைதான்" என்றான். "வேகத்தைக் குறைச்சு இறங்கிரலாம்னு. உடம்பு அதைத்தான் கேக்கும். குறைச்சிருந்தா முடிஞ்சிருப்பேன்."

"ஊருக்கு வந்துரு அந்தோணி."

அவன் சட்டைக் கையை இறக்கி முழங்கைக் காயத்தை மறைத்தான். "வர்றேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்ல வேண்டாம்னு பாக்குறேன். தரையில ஓட்டினா எனக்குத் தூக்கம் வருது அக்கா. இந்த வட்டத்துல ஏறினாத்தான், அப்பா வெளிய நின்னு கையாட்டுற மாதிரி இருக்கு."

அப்பா அந்தச் சாதிக்காய் மரத்தடியில் நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கையாட்டுவார். அதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த வயதில் அவனுக்கு எப்படி நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. நான் தேடி வந்து காணாத பழைய தோட்டத்தை இவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறான், சுவரில் படுத்துக்கொண்டு.

"எப்போ விடுவே?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்தப் பலகை தாங்குற வரைக்கும்."

அவன் அதை எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னான்.

கிளம்பும் நாளில் லூர்தம்மா அக்கா வழிக்குப் பாணும் சம்பலும் கட்டிக்கொடுத்தார். ஸ்டேஷனில் அந்தோணி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மாகிட்ட என்ன சொல்வே?"

"தெரியலையே."

"யானை ராட்டினத்துல வேலை பாக்குறேன்னு சொல்லு. பொய்யில்லல்ல?"

ரயில் நகர்ந்தது. அவன் கூடவே நடந்து வந்தான், பிறகு ஓடி வந்தான். மெதுவாக என்று சொல்ல வாயெடுத்துச் சும்மா இருந்துவிட்டேன். கடுகண்ணாவை இறக்கத்தில் கண்ணை மூடவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதைவிடப் பெரிய பயம் மடியில் இருந்ததால் அது அவ்வளவாகத் தெரியவில்லை.

அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெணத்துல தண்ணி இருக்கா?"

"இல்லம்மா. கிணறே இல்லம்மா. அந்த ஆளு என்னத்தையோ உளறியிருக்கார். பழைய யானை ராட்டினம்தான். அதே தாமரைப் பலகை. அதுலதான் வேலை பாக்கான்."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. "மெதுவாத்தானே சுத்துது?"

"மெதுவாத்தாம்மா."

அம்மா இப்போது கிணற்றடியில் சிலுவை போடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அந்தோணிக்காக ஒரு மன்றாட்டு வைப்பாள். "மாதாவே, என் பிள்ளை போற ராட்டினம் மெதுவாப் போகணும், எப்பவும் மெதுவாவே போகணும்." பக்கத்தில் முழங்காலில் இருக்கும் நான் வாய்க்குள்ளே சொல்லிக்கொள்வேன்: "கெதியா, மாதாவே, கெதியா."

இரண்டு பேரும் ஒரே சுரூபத்தின் முன்னால்தான் கேட்கிறோம். பெற்றவள் கேட்பதைத்தானே மாதா முதலில் கொடுப்பாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.